உட்காருடா, உருப்படுவே!

நம் பள்ளிக்கூடங்களில் உடற்பயிற்சி ஒழுங்காக நடப்பது தண்டனையில் மட்டும்தான். வீட்டுப்பாடம் எழுதலையா, பெஞ்சு மேல ஏறி நில். பக்கத்துப் பையனோடு பேசினியா, வெளியே போய் நில். லேட்டா, கிரவுண்டை நாலு ரவுண்டு ஓடிட்டு வா. சட்டை வெளியே தொங்குதா, இருபது தோப்புக்கரணம் போடு. ஒழுக்கமான பிள்ளைக்குக் கிடைக்கும் பாராட்டு என்ன? "வெரிகுட், உட்கார்."

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாகத் தினம் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். உட்கார்ந்தே கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அதை மதித்து நடப்பவன் யாரென்று பார்த்தால், கடைசி பெஞ்சுக்காரன்தான். நிற்கிறான், ஓடுகிறான், உட்கார்ந்து எழுகிறான். ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குகிற பிள்ளைக்கோ காலை முதல் இரவு வரை உடம்பில் அசைவது வலது கையில் மூன்று விரல். அந்தப் பிள்ளையைக் காட்டித்தான் கடைசி பெஞ்சுக்காரனிடம், "அவளைப் பார்த்துத் திருந்துடா" என்கிறோம்.

தண்டனையை ஆதரிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு பிள்ளைகளை உடல்ரீதியாகத் தண்டிப்பதைத் தடைசெய்துவிட்டது. ரொம்பச் சரி. அதே சட்டத்தின் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும் என்றும் சொல்கிறது. 17-வது பிரிவை ஃபிரேம் போட்டு ஹெச்.எம். ரூமில் மாட்டினோம். மைதானத்தில் ஸ்கூல் பஸ் நிறுத்துகிறோம்.

இப்போது ஒரு பையனைப் பார்ப்போம். பெயர் வேண்டாம், மாவட்டத் தலைநகரம் எதை எடுத்தாலும் தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். பிளஸ் ஒன், பயாலஜி குரூப். காலை 4:30-க்கு அம்மா எழுப்புகிறார். 5 மணிக்கு உட்கார்ந்து ஆறரை வரை படிப்பு. 7:10-க்கு வேன், பன்னிரண்டு பேர் ஏற வேண்டியதில் இருபது பேர், மடியில் பை, பை மேல் லஞ்ச் கூடை. 8 மணிக்கு ஸ்லிப் டெஸ்ட். 9 முதல் 4:20 வரை எட்டு பீரியட். இடையில் இரண்டு பத்து நிமிஷ இடைவேளை. அதில் எட்டு நிமிஷம் டாய்லெட் வாசலில் வரிசை. (வரிசையில் நிற்கிறானே, அதையும் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா என்று யோசித்தேன்.) 4:30 முதல் 6 வரை ஸ்பெஷல் கிளாஸ். மறுபடி வேன். ஏழேகாலுக்கு டியூஷன், முடிய எட்டே முக்கால். சாப்பாடு. ஒன்பதேகாலுக்கு ரெக்கார்டு நோட்டு, ஹோம்வொர்க். 11 மணிக்குப் படுக்கை. உட்கார்ந்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், 15 மணி நேரத்துக்குக் குறையாது. தூக்கம் அதிகபட்சம் ஐந்தரை மணி நேரம். அந்த வயதுக்குத் தேவை எட்டிலிருந்து பத்து.

இந்த அட்டவணையில் போன் எங்கே இருக்கிறது? வேனில் ஒரு அரைமணி, படுத்த பிறகு ஒரு அரைமணி. ஆனால் ஊரைக் கேட்டால், டி.வி. விவாதத்தைக் கேட்டால், கல்யாண வீட்டுப் பந்தியைக் கேட்டால், குற்றவாளி செல்போன் ஒன்றுதான். "இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் ஓடியாடுறாங்க? எப்பப் பார்த்தாலும் போனு." போன் கெடுதல்தான், மறுக்கவில்லை. அந்த 15 மணி நேரத்துக்கு உத்தரவு போட்டது யார்? பீஸ் கட்டியது யார்? உட்கார வைத்தவர்களே ஒன்றுகூடி, "ஏண்டா உட்கார்ந்தே கிடக்கிறே, சோம்பேறி" என்று திட்டுவது நம் நாட்டின் தனிச்சிறப்பு. 15 மணி நேரம் உட்கார்ந்தால் படிப்பு. பதினாறாவது மணியும் உட்கார்ந்தால் ஒழுக்கக்கேடு.

அந்தப் பையனின் டைம்டேபிளில் புதன்கிழமை ஆறாவது பீரியடுக்கு நேராக பி.டி. என்று அச்சடித்திருக்கும். அதை நம்பி அவன் புதன்கிழமை மட்டும் ஷூ லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவான். ஐந்தாவது பீரியட் முடிந்து மணி அடிக்கும். பையன்கள் பாதி எழுந்திருப்பார்கள். கணக்கு வாத்தியார் உள்ளேயே இருந்தபடி வாசல் பக்கம் பார்ப்பார். பி.இ.டி. சார் விசிலைக் கையில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார். "சார், போர்ஷன் முடியல." "எடுத்துக்குங்க சார்." முடிந்தது. பரிவர்த்தனைக்கு ரசீது கிடையாது, வட்டி கிடையாது, திருப்பிக் கொடுத்ததாக இன்றுவரை வரலாறு கிடையாது. அரைகுறையாக எழுந்த முப்பது பிள்ளைகள் சத்தமில்லாமல் திரும்ப உட்காருவார்கள். அன்று அந்த வகுப்பில் நடந்த மொத்த உடற்கல்வி அதுதான்.

இந்தக் கடன் கூத்து அரசாங்கத்துக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே மேடையேறி, பி.டி. பீரியடைத் தயவுசெய்து கடன் வாங்காதீர்கள் என்று கணக்கு, அறிவியல் ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. அமைச்சருக்கு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் உண்டு என்பதைத் தட்டிய கைகளும் மறந்துவிட்டன, மேடையும் மறந்துவிட்டது.

பி.இ.டி. சாருக்கு வேறு வேலை இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பிரேயரில் அட்டென்ஷன் சொல்ல வேண்டும். முடி வெட்டாதவனைப் பிடிக்க வேண்டும். கேட்டில் டிராஃபிக் பார்க்க வேண்டும். வராந்தாவில் யாராவது ஓடினால், "ஏய், ஓடாதே!" என்று கத்த வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை விளையாட்டு விழா நடத்த வேண்டும். அந்த நாளில் பொறுக்கியெடுத்த ஐம்பது பேர் ஓடுவார்கள். ஆயிரம் பேர் வெயிலில் உட்கார்ந்து கைதட்டுவார்கள். ஷாமியானா நிழலில் சிறப்பு விருந்தினர் சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று முக்கால் மணி நேரம் பேசுவார்.

உலக அளவில் நம் மார்க் என்ன என்று பெற்றோர்கள் கேட்கக்கூடும். 146 நாடுகளில் 11 முதல் 17 வயது வரையுள்ள 16 லட்சம் மாணவர்களின் விவரங்களை உலக சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் அலசி, 2019 இறுதியில் லான்செட் குழுமத்தின் ஏடு ஒன்றில் வெளியிட்டார்கள். 2016 நிலவரப்படி உலகப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் போதுமான உடலுழைப்பு இல்லை. இந்தியாவில் ஏறத்தாழ 74. தென்கொரியாவில் 94. பார்த்தீர்களா, அவமானத்தை! கொரியாக்காரன் 94 வாங்கியிருக்கிறான், நாம் 74-ல் கிடக்கிறோம். டியூஷன் போதவில்லை. இன்னும் ஒரு பேட்ச், விடியற்காலை 4 மணிக்கு வைத்தால் சென்டமே அடிக்கலாம்.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. போதுமான உடலுழைப்பு இல்லாதவர்கள் உலகம் முழுக்கப் பையன்களில் 78 சதவீதம், பெண் பிள்ளைகளில் 85 சதவீதம். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய ஜெனீவாவுக்குப் போக வேண்டாம். கடன் கொடுக்காமல் தப்பிய ஏதாவது ஒரு பி.டி. பீரியடில் மைதானத்து ஓரம் போய்ப் பாருங்கள். பையன்களிடம் ஒரு பந்து இருக்கும். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில், மடியில் பயாலஜி புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். "விளையாடலையாம்மா?" என்றால், "மிஸ் படிக்கச் சொன்னாங்க." வயசுக்கு வந்த நாளிலிருந்து வீட்டிலும் அதே உத்தரவுதான்: குதிக்காதே, ஓடாதே, வாசலில் நிற்காதே. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி கபடியில் தங்கம் வென்று, அந்த அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகா ஊர் திரும்பியபோது அவர் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்காத அப்பா உண்டா? வைத்துவிட்டுத் திரும்பி, மாடிப்படியில் இறங்கிய மகளிடம், "இருட்டுற நேரத்துல எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்காத அப்பா உண்டா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கைக்குழந்தைக்காரிகள். ஊர் ஏளனம் பேசியதைப் பொருட்படுத்தாமல் மிதித்தார்கள். பிற்பாடு அரசு பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிளே கொடுத்தது. அந்தப் பாட்டிமார்களின் பேத்திகளில் கொஞ்சம் வசதி வந்த வீட்டுப் பெண்ணுக்கு இன்று வாசலுக்கே வேன் வருகிறது. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் முன்னேற்றம்.

உட்கார்ந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய சங்கதி. லண்டன் மாடி பஸ்களில் டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸில், ஒரே புகையில், ஒரே வகைக் குடும்பத்திலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் நாளுக்கு நூற்றுக்கணக்கான படி ஏறி இறங்கினார். மாரடைப்பு யாருக்கு அதிகம் என்று ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் கணக்கெடுத்து 1953-ல் வெளியிட்டார். டிரைவருக்குத்தான். உலகம் அதைப் படித்துவிட்டு யோசித்தது. நம் பள்ளிக்கூடமோ எல்லாப் பிள்ளைகளையும் டிரைவராக்கியது. ஸ்டியரிங் மட்டும் கொடுக்கவில்லை.

உடம்பில் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை சுருங்கி விரியும்போது ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மணிக்கணக்கில் அசையாவிட்டால் அந்த வேலை படுத்துவிடும். கணையம் தனியாகக் கிடந்து மல்லாடும். எலும்புக்கு வேண்டிய உறுதியில் பெரும்பங்கு இருபது வயதுக்குள்தான் சேரும், அதுவும் ஓடிக் குதித்தால்தான் நன்றாகச் சேரும். வெளி வெளிச்சத்தில் திரியும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறது என்று தெரிந்ததும், தைவான் 2010 முதலே தினம் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்லிப் பள்ளிகளை விரட்டுகிறது. வருஷம் முழுக்க வெயில் கொட்டுகிற நம் ஊரில் டியூப்லைட்டின் கீழே பிள்ளையை வளர்த்துவிட்டு, வைட்டமின் டி மாத்திரையை மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்குகிறோம். நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கு மேல், அதன் வாசலில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்று 2023-ல் கணக்குச் சொன்னது ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, அதை முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள ஆராய்ச்சி மையம். வரிசை நீளமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளை இப்போதே உட்கார வைத்து டோக்கன் வாங்கிவிட்டோம்.

சரி, பள்ளிக்கு வெளியே விளையாடலாமே? எங்கே? அபார்ட்மென்ட்டில் கார் பார்க்கிங் சுவரில் போர்டு: "இங்கே பந்து விளையாடக் கூடாது." ஐம்பது வீட்டு அசோசியேஷன், வருஷ மீட்டிங்கில் மூன்று மணி நேரம் விவாதித்து நிறைவேற்றிய ஒரே ஏகமனதான தீர்மானம் அது. தெருவில் பைக் பறக்கிறது. மாநகராட்சி மைதானத்தில் ஒரு மாதம் பொருட்காட்சி, ஒரு வாரம் கட்சி மாநாடு, மற்ற நாளில் பூட்டு. 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி ஒரு காரியம் செய்தது. வியாசர்பாடி போன்ற இடங்களில் உள்ள செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டது. கால்பந்தை மூச்சாக விட்டு வளரும் வடசென்னைப் பையனிடம் மணிக்கு 120 ரூபாய்! ஊர் கொதித்ததும் அவசரமாக வாபஸ் வாங்கினார்கள். வாங்கியதற்கு நன்றி. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் எல்லாரும் சிறு வயதில் தெருவில் காசில்லாமல் ஆடியவர்கள்தான்.

வசதியுள்ள வீட்டார் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் உலக செஸ் பட்டம் வென்றதும் அவர்கள் மனதில் பால் வார்த்தது மாதிரி ஆகிவிட்டது. "விளையாட்டுல சேருங்கன்னு சொல்றீங்களே சார், சேர்த்தாச்சு. செஸ் கிளாஸ். சனி ஞாயிறு ரெண்டு மணி நேரம்." குகேஷ் என்ன பாவம் செய்தார்? அந்தப் பையனின் உழைப்பைக் காட்டி நாற்காலிக்கு இன்னொரு ஷிப்ட் போடுகிறார்கள்.

மத்திய அரசு சும்மா இருந்ததாகச் சொல்ல முடியாது. 2019 ஆகஸ்ட் 29-ல் ஃபிட் இந்தியா இயக்கம் தொடங்கியது. பிரதமர் பேச்சை நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் திரை முன் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள். 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டுதல் வந்தது: 16 வயதுக்குக் கீழே யாரையும் சேர்க்காதே, நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வகுப்பு எடுக்காதே. பள்ளியில் 7 மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவனை இன்னும் 5 மணி நேரத்தோடு விட்டுவிடச் சொன்ன கருணையை என்னவென்று சொல்வது! அதையும் கேட்க ஆளில்லை. ஆறாம் வகுப்பிலேயே "நீட் ஃபவுண்டேஷன்" பேனர் ஊருக்கு ஊர் தொங்குகிறது. அதன் கீழேதான் கல்வி அதிகாரிகளின் ஜீப் போகிறது.

இப்படிப் பிள்ளைகளை உட்கார வைத்தே வளர்க்கும் இடங்களைப் பிராய்லர் பள்ளி என்று ஊரே அழைக்கிறது. நாமக்கல் பக்கம் கோழி வளர்ப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பிராய்லர் கோழி கொட்டகைத் தரையில் நாலு எட்டாவது நடக்கும். கூண்டில் அசையாமல் கிடப்பது முட்டைக்கோழி. அந்த முட்டைக்கோழிக்காகச் சட்ட ஆணையம் 2017-ல் 269-வது அறிக்கையை எழுதியது. 2023-ல் அரசு தனி விதிகளே கொண்டுவந்தது: ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளைவிடச் சின்னது. சின்னதோ பெரிதோ, கோழிக்கு ஒரு எண் இருக்கிறது, மீறினால் கேட்க ஒரு விதி இருக்கிறது. ஒரே பெஞ்சில் ஐந்து பேராக இடிபட்டு, தினம் ஒரு டெஸ்ட் முட்டையிடும் பிளஸ் டூ பிள்ளைக்கு அப்படி ஒன்றுமில்லை. எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை அது எழுந்து நடக்க வேண்டும் என்று நம் நாட்டில் எந்தக் கெஜட்டிலும் எழுதியிருக்கவில்லை.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. ஐ.நா. பொதுச்சபை 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 23-வது விதி: வெளிவேலை இல்லாத ஒவ்வொரு கைதிக்கும், வானிலை இடம் கொடுத்தால், தினம் ஒரு மணி நேரமாவது திறந்தவெளியில் உடற்பயிற்சிக்கு விட வேண்டும். இளவயதுக் கைதி என்றால் அந்த நேரத்தில் உடற்பயிற்சியும் பொழுதுபோக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குக் கேட்பதும் அதே ஒரு மணி நேரம்தான். ஆகையால் மாண்புமிகு அரசுக்கு ஒரு விண்ணப்பம்: நம் பிள்ளைகளைக் கைதிகளாக அறிவித்துவிடுங்கள். சீருடை இருக்கிறது, எண் இருக்கிறது, மதில் இருக்கிறது, விடுதிப் பள்ளிகளில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு மனுப் பார்க்கும் நேரமும் இருக்கிறது. கூடுதல் செலவு ஏதுமில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிடைத்துவிடும். கணக்கு வாத்தியார் கடன் கேட்டால் ஜெயிலர் கொடுக்க மாட்டார்.

இத்தனையும் எதற்காக? 2024-ல் நீட் எழுதப் பதிவு செய்தவர்கள் 24 லட்சத்துக்கு மேல். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துச் சொச்சம். 23 லட்சம் பேர் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இடம் கிடைத்தவன் இன்னும் பத்து வருஷம் உட்கார்ந்து படித்து, போர்டு மாட்டி, ஏசி அறையில் அமர்ந்து, எதிரே வரும் நாற்பது வயதுக்காரருக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு சீட்டில் எழுதித் தருவான்: "தினமும் 45 நிமிடம் நடக்கவும்." எதிரே வந்தவர் யார்? அதே வகுப்பில் உட்கார்ந்து படித்து, இடம் கிடைக்காமல் போனவர்.

பெற்றோர்களே, அடுத்த தேர்வு முடிந்ததும் பெற்றோர் கூட்டம் வரும். கிளாஸ் மிஸ் மார்க் ஷீட்டை நீட்டி, "ஃபிசிக்ஸ்ல இன்னும் கொஞ்சம் கவனம் தேவை, உட்காருங்க சார்" என்பார். "இந்த டெர்ம்ல எத்தனை பி.டி. பீரியட் நடந்தது, மிஸ்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்.